சங்குப்பூ நீரில் பிளீச் விட்டதும் நிறமே போய்விட்டது, இது அமிலமா காரமா?

தோபாயோ_அம்மா | சனி, இரவு 8.10

வணக்கம். மகன் உயர்நிலை 1 படிக்கிறான். விடுமுறையில் வீட்டிலேயே ஓர் அறிவியல் சோதனை செய்து, படமெடுத்து, குறிப்பு எழுதிக்கொண்டு வரும்படி பள்ளியில் சொல்லியிருக்கிறார்கள். சிங்கப்பூரில் எங்கள் வீவக அடுக்குமாடி வீட்டு வாசல் தாழ்வாரத்தில் நீலச் சங்குப்பூக் கொடி இருக்கிறது. அதில் 12 பூ பறித்து, காம்பையும் பச்சைப் புல்லியையும் கிள்ளிவிட்டு, ஒரு குவளை வெந்நீரில் போட்டான். பத்து நிமிடத்தில் பேனா மையைப் போல் நீலம் இறங்கிவிட்டது. வடிகட்டி, சின்ன வெள்ளைக் கிண்ணங்களில் ஊற்றி, ஒவ்வொன்றிலும் ஒவ்வொரு பொருளைச் சேர்த்துப் பார்த்தான்.

எலுமிச்சைச் சாறு விட்டதும் ஊதா. வினிகரும் ஊதா. ஆப்பசோடாவில் நீலம் கொஞ்சம் பசுமை தட்டியது. சலவைத்தூளில் நல்ல பச்சை. இதுவரை எனக்கும் புரிகிறது.

இரண்டு இடத்தில் மாட்டிக்கொண்டோம். அவன் பள்ளியில் ஆசிட், ஆல்கலி என்று படிக்கிறான். நான் தமிழில் அமிலம், காரம் என்று சொல்லிக்கொடுத்தேன். உடனே குளிர்பெட்டியிலிருந்து மிளகாயை எடுத்துவந்து நசுக்கிப் போட்டான். நிறம் அசையவே இல்லை. பாட்டிலில் வரும் மிளகாய்ச் சாஸை விட்டால் ஊதாவாகிறது, அதாவது அமிலம்! காரமான பொருள் எப்படி அமிலமாகும் என்று கேட்கிறான்.

அடுத்தது துணி வெளுக்கும் பிளீச். ஒரு மூடி விட்டான். நீலம் போய், சற்று நேரத்தில் வெறும் தண்ணீர் போல் ஆகிவிட்டது. நிறம் இல்லை என்பதால் "நடுநிலை" என்று எழுதிவைத்திருக்கிறான். இப்போது எலுமிச்சை பிழிந்தால் நிறம் திரும்பி வருமா என்று பார்க்கப் போவதாகச் சொல்கிறான். தெரிந்தவர்கள் சொல்லுங்கள்.

ஜூரோங்_பொறியாளர் | சனி, இரவு 8.13

அக்கா, எலுமிச்சையைப் பிழிய விடாதீர்கள். முதலில் இதைச் செய்துவிட்டு மற்றதைப் படியுங்கள். பிளீச்சோடு எந்த அமிலம் சேர்ந்தாலும் குளோரின் வாயு கிளம்பும். எலுமிச்சை, வினிகர், கழிப்பறை கழுவும் அமில திரவம் எல்லாவற்றுக்கும் இது பொருந்தும். அம்மோனியா கலந்த சுத்திகரிப்பு திரவத்தோடு சேர்ந்தால் வேறு நச்சு வாயு வரும். சன்னல், கதவைத் திறந்து வைத்து, அந்தக் கிண்ணத்தை மட்டும் தனியாக எடுத்துச் சென்று, நிறையத் தண்ணீர் விட்டுக் கழுவிவிடுங்கள். வினிகர்க் கிண்ணத்தை அதே தொட்டியில் அதே நேரத்தில் கொட்ட வேண்டாம்.

தோபாயோ_அம்மா | சனி, இரவு 8.21

கழுவிவிட்டேன் தம்பி. பிழியவில்லை, கையில் பாதிப் பழத்தை வைத்துக்கொண்டு நின்றான். மிக்க நன்றி. கை நடுங்கிவிட்டது.

ஜூரோங்_பொறியாளர் | சனி, இரவு 8.24

நல்லவேளை. ஒரு சொட்டு பிளீச்சில் பெரிதாக எதுவும் ஆகியிருக்காது, ஆனால் ஒரு மூடி என்றீர்கள். அதனால்தான் பதறினேன். யார் வீட்டிலாவது தவறிக் கலந்துவிட்டால் முகர்ந்து பார்க்காமல் உடனே அந்த இடத்தை விட்டு வெளியே வந்துவிடுங்கள். மூச்சுத் திணறினால் 995ஐ அழையுங்கள்.

பழைய_ஆய்வகம் | சனி, இரவு 9.40

நான் வேதியியல் ஆசிரியராக இருந்து ஓய்வு பெற்றவன். தாயே, உங்கள் மகன் கேட்ட இரண்டு கேள்விகளும் வகுப்பில் நான் ஏங்கிக் காத்திருந்த கேள்விகள். அவனைத் திட்டாதீர்கள்.

முதலில் பிளீச். சங்குப்பூவின் நீலத்துக்குக் காரணம் ஆந்தோசயனின் என்ற சாயக் குடும்பம். அந்தச் சாய மூலக்கூறு அமிலத்தில் ஒரு வடிவத்திலும் காரத்தில் வேறு வடிவத்திலும் நிற்கும். வடிவம் மாறும்போது அது விழுங்கும் ஒளியும் மாறும், நமக்குத் தெரியும் நிறமும் மாறும். மூலக்கூறு உடைவதில்லை, உடுப்பை மாற்றிக்கொள்கிறது, அவ்வளவுதான். அதனால் எலுமிச்சை விட்டு ஊதாவான நீரில் ஆப்பசோடாவைக் கொஞ்சம் கொஞ்சமாகப் போட்டால் மறுபடியும் நீலத்துக்கு வந்துவிடும்.

பிளீச் செய்வது வேறு வேலை. அதில் இருக்கும் சோடியம் ஹைப்போகுளோரைட் சாய மூலக்கூறையே சிதைத்துவிடுகிறது. துணியில் கறையை எப்படிப் போக்குகிறதோ அப்படியே பூவின் சாயத்தையும் போக்கிவிட்டது. எலுமிச்சை விட்டாலும் அந்த நிறம் திரும்பாது, திரும்புவதற்கு அங்கே சாயமே இல்லை. உண்மையில் வீட்டு பிளீச் நல்ல காரம். கெடாமல் இருப்பதற்காகவே அதைக் காரத் தன்மையோடு வைத்திருப்பார்கள். ஆனால் இந்தப் பூ அதைச் சொல்ல முடியாது. கேள்வி கேட்கப் போனவனையே அடித்துப் போட்டால் பதிலை யார் கொண்டுவருவது? எனவே மகன் "நடுநிலை" என்பதை அடித்துவிட்டு, "சாயம் அழிந்துவிட்டது, இந்த முறையால் அறிய முடியவில்லை" என்று எழுதட்டும். நான் திருத்துபவனாக இருந்தால் அந்த ஒரு வரிக்குத்தான் அதிக மதிப்பெண் தருவேன்.

இன்னொன்றையும் சொல்லிவிடுகிறேன். நடுநிலை என்றால் நிறமில்லாமை என்று பிள்ளைகள் பலரும் நினைக்கிறார்கள். சங்குப்பூவுக்கு நடுநிலையின் நிறம் நீலம். அதைத் தெரிந்துகொள்ள ஒரு கிண்ணத்தில் எதையும் சேர்க்காமல், வெறும் தண்ணீர் மட்டும் அதே அளவு விட்டு ஓரமாக வைத்திருக்க வேண்டும். மற்ற கிண்ணங்களை அதனோடு ஒப்பிட வேண்டும். உங்கள் பட்டியலில் அந்தக் கிண்ணம் இல்லை.

மிளகாய் பற்றி நாளை எழுதுகிறேன். அல்லது நம் பிடோக் அம்மையார் எழுதினால் என்னைவிட நன்றாக எழுதுவார்.

பிடோக்_சமையற்கட்டு | சனி, இரவு 10.15

ஆசிரியர் ஐயா என்னை இழுத்துவிட்டதால் எழுதுகிறேன். நான் அறிவியல் படித்தவள் இல்லை, ஆனால் நாற்பது ஆண்டு அப்பளமும் வற்றலும் போட்டவள்.

தமிழில் காரம் என்ற சொல் இரண்டு வேலை பார்க்கிறது. நாக்கு எரிந்தாலும் காரம், அப்பளத்துக்குப் போடும் அப்பளக்காரமும் காரம். மிளகாயின் எரிச்சல் அதிலுள்ள கேப்சைசின் என்ற பொருளால் வருவது, ஆல்கலியோடு அதற்குத் தொடர்பில்லை. நசுக்கிய மிளகாயில் நீலம் அசையாமல் இருந்தது சரிதான். பாட்டில் சாஸில் வினிகர் ஊற்றித்தான் செய்கிறார்கள், அதனால் ஊதாவாகியிருக்கும். தம்பி தவறு செய்யவில்லை, சொல்தான் அவனை அந்தப் பக்கம் அழைத்துப் போயிருக்கிறது.

இதைவிட வேடிக்கையான ஒன்று இருக்கிறது. தேக்காவில் நாட்டு மருந்துக் கடைக்குப் போனால் வெண்காரம் கேளுங்கள், படிகாரம் கேளுங்கள். இரண்டுக்கும் பெயரில் காரம் உண்டு. வெண்காரம் உண்மையிலேயே காரம். படிகாரத்தைத் தண்ணீரில் கரைத்தால் அமிலம்! முகம் மழித்த பிறகு தடவும் அந்தக் கட்டிதான். பெயரை நம்பாமல் பூவைக் கேட்டால் உண்மையைச் சொல்லிவிடும். வெண்காரத்தைப் பெரியவர்கள் கையாளட்டும், வாயில் வைக்கக் கூடாது.

பூ கிடைக்காதவர்களுக்கு மஞ்சள் இருக்கிறதே. ஆரத்தி எடுக்கும்போது மஞ்சள் நீரில் ஒரு துளி சுண்ணாம்பு விட்டுக் கலக்குவோம், குப்பென்று இரத்தச் சிவப்பாகும். பிள்ளைகள் எதிரே அதைக் கலக்கினால் எத்தனை தரம் பார்த்தாலும் அவர்கள் கண் விரியும். என் அம்மா குங்குமம்கூட மஞ்சளும் சுண்ணாம்பும் சேர்த்துத்தான் செய்வார்.

பழைய_ஆய்வகம் | ஞாயிறு, காலை 6.50

இதைவிட நான் என்ன எழுதிவிட முடியும்! மஞ்சள் பற்றி ஒரு சேர்க்கை மட்டும். அது காரத்தைத்தான் காட்டும். எலுமிச்சையிலும் தண்ணீரிலும் ஒரே மஞ்சளாக நிற்கும், அதனால் இரண்டும் ஒன்று என்று பிள்ளைகள் எழுதிவிடுவார்கள். பிஎச் என்பது அமில, காரக் கடுமையைக் காட்டும் எண்; 7 நடுநிலை, அதற்குக் கீழே அமிலம், மேலே காரம். பிஎச் 7.4க்கும் 8.6க்கும் இடையே மஞ்சள் சிவக்கத் தொடங்கும். ஆரத்தியில் சிவந்த நீரில் எலுமிச்சை பிழிந்தால் மறுபடியும் மஞ்சளாகிவிடும்.

செங்காங்_அப்பா | ஞாயிறு, காலை 9.05

எல்லாரும் பூவையும் மஞ்சளையும் கொண்டாடுகிறீர்கள், மாற்றுக் கருத்து ஒன்று சொல்லலாமா? பிஎச் சோதனைத் தாள் இணையத்தில் சில வெள்ளிக்குக் கிடைக்கிறது. எண்ணோடு விடை வரும். எலுமிச்சையும் வினிகரும் ஊதா என்றால் எது அதிக அமிலம் என்று எப்படித் தெரியும்? பிள்ளைக்கு ஊதா என்பது விடை ஆகுமா? அப்படியே வீட்டில் செய்வதாக இருந்தாலும் ஊதா முட்டைக்கோஸ்தான் சரி. சிவப்பு, ஊதா, நீலம், பச்சை, மஞ்சள் என்று படிப்படியாக நிறம் கிடைக்கும். எலுமிச்சைக்கு அழகான சிவப்பு வரும். சங்குப்பூவில் சிவப்பைப் பார்க்க எலுமிச்சையே போதாது.

மாடித்தோட்டம்_ஈசூன் | ஞாயிறு, காலை 9.30

முட்டைக்கோஸ் வேகவைத்த நீரின் வாடை மூன்று நாள் வீட்டை விட்டுப் போகாது, அது ஒன்றே எனக்குப் போதும். குளிர்பெட்டியில் வைத்தாலும் விரைவில் கெட்டுவிடும். சங்குப்பூ அப்படி இல்லை. உலர்த்தி டப்பாவில் போட்டால் மாதக்கணக்கில் இருக்கும், வேண்டும்போது பத்துப் பூ எடுத்து வெந்நீரில் போடலாம். மலாய்க்காரர்களும் பெரனாக்கான் குடும்பங்களும் புங்ஙா தெலாங் என்று இதைத்தான் புலுட் இந்திப் பலகாரத்துக்கும் நாசி கெராபு சோற்றுக்கும் நீலம் ஏற்றப் பயன்படுத்துகிறார்கள். எங்கள் பகுதிச் சமூகத் தோட்டத்தில் பக்கத்து வீட்டு மலாய் மக்சிக்கு (அத்தைக்கு) வாரம் ஒரு கிண்ணம் பூ பறித்துக் கொடுப்பேன். அவர் திரும்பக் கொடுக்கும் குவே பலகாரத்தின் நீலம் எந்தப் பிஎச் தாளிலும் வராது.

ஒரு குறிப்பு. நீலப் பூதான் வேண்டும். வெள்ளைச் சங்குப்பூ அழகாக இருக்கும், ஆனால் இந்தச் சாயம் அதில் இல்லை. இரட்டை அடுக்குப் பூ கிடைத்தால் இன்னும் நல்லது, பாதிப் பூவே போதும்.

பழைய_ஆய்வகம் | ஞாயிறு, காலை 10.20

செங்காங் நண்பரே, நீங்கள் சொன்னதில் பாதி முழு உண்மை. முட்டைக்கோஸின் நிறப்படி அகலமானது, மறுக்க மாட்டேன். மறுபாதிக்குப் பதில் சொல்ல வேண்டும்.

தாவரச் சாறு எண் சொல்லாது. எண் மிகவும் பின்னால் வந்தது. ராபர்ட் பாயில் 1664இல் வெளியிட்ட நூலில் வயலட் பூச்சாறு அமிலத்தில் சிவப்பதையும் காரத்தில் பச்சையாவதையும் பதிந்திருக்கிறார். டென்மார்க்கின் சோரன்சன் பிஎச் என்ற அளவைக் கொண்டுவந்தது 1909இல். இடைப்பட்ட ஏறத்தாழ 250 ஆண்டுகள் வேதியியலார் நிறத்தை நிறத்தோடு ஒப்பிட்டே வேலை செய்தார்கள். அந்த வேலைக்குக் கண் பழக வேண்டும், கிண்ணங்களை வரிசைப்படுத்தத் தெரிய வேண்டும், ஐயம் வந்தால் மறுபடி செய்ய வேண்டும். தாளை நனைத்து அட்டையோடு பொருத்தி எண்ணை எழுதும் பிள்ளைக்கு அந்தப் பழக்கம் வராமல் போகிறது. இதை நான் முப்பது ஆண்டு வகுப்பில் பார்த்துச் சொல்கிறேன். தாள் வேண்டாம் என்று சொல்லவில்லை. பூவில் தொடங்கிப் பிறகு தாளுக்குப் போகட்டும்.

சங்குப்பூவை நான் விரும்புவதற்கு வேறொரு காரணமும் உண்டு. செம்பருத்தி போன்ற பல பூக்களின் சாறு இலேசான அமிலத்தில், பிஎச் 4 முதல் 6 வரை, வெளிறிப்போகும். அந்த இடைவெளியில் நீர் புகுந்து சாயத்தை நிறமற்ற வடிவமாக்கிவிடும். சங்குப்பூவின் சாய மூலக்கூறில் பக்கவாட்டில் நீண்ட கிளைகள் உண்டு. அவை மடிந்து, நடுப்பகுதியை மேலும் கீழும் மூடிக்கொள்கின்றன. நீர் எளிதில் புக முடிவதில்லை. அதனால் பிஎச் 5இலும் 6இலும் நீலம் திடமாக நிற்கிறது. குவே நீலமாகவே இருப்பதற்கும் இதுவே காரணம்.

செங்காங்_அப்பா | ஞாயிறு, காலை 10.48

குடைபோல் மூடிக்கொள்கிறது என்பது எனக்குத் தெரியாது ஐயா. சரி, பூவில் தொடங்கலாம். ஆனாலும் எது அதிக அமிலம் என்ற என் கேள்வி அப்படியே நிற்கிறது.

ஜூரோங்_பொறியாளர் | ஞாயிறு, காலை 11.30

அதற்கு நான் பதில் சொல்கிறேன் அண்ணன், என் அன்றாட வேலையே அதுதான்.

அதிக அமிலம் என்பதில் இரண்டு கேள்விகள் இருக்கின்றன. எவ்வளவு கடுமை என்பது ஒன்று, எவ்வளவு கையிருப்பு என்பது இன்னொன்று. நிறமும் பிஎச் தாளும் கடுமையைச் சொல்கின்றன. கையிருப்பை அறியத் துளி எண்ண வேண்டும். இதற்குப் பூ போதும்.

வெற்றிலைக்கு வைக்கும் சுண்ணாம்பை ஒரு தேக்கரண்டி எடுத்து ஒரு பாட்டில் தண்ணீரில் நன்றாகக் குலுக்கி, மூடி, இரவு முழுவதும் அசைக்காமல் வையுங்கள். மேலே நிற்கும் தெளிந்த நீர்தான் நம் அளவுகோல். சுண்ணாம்பு தண்ணீரில் கொஞ்சம்தான் கரையும். அதனால் அடியில் வண்டல் இருக்கும்வரை மேலே இருக்கும் தெளிவு எப்போதும் ஏறத்தாழ ஒரே வலிமையோடு இருக்கும், நிறுத்துப் பார்க்கத் தேவையில்லை. பாட்டிலை மூடியே வைக்க வேண்டும். திறந்து வைத்தால் காற்றிலுள்ள கரியமில வாயு பட்டு மேலே வெள்ளை ஆடை படியும், வலிமை குறையும். கண்ணில் தெறித்தால் ஆபத்து, கண்ணாடி போட்டுக்கொண்டு பெரியவர்தான் ஊற்ற வேண்டும்.

ஒரு கிண்ணத்தில் சங்குப்பூ நீர். அதில் ஒரே ஒரு துளி எலுமிச்சைச் சாறு. ஊதாவாகும். சுண்ணாம்புத் தெளிவை ஒவ்வொரு துளியாக விட்டுக் கலக்கி, பக்கத்தில் வைத்த வெறும் நீலக் கிண்ணத்தின் நிறம் வரும்வரை எண்ணுங்கள். எல்லாவற்றுக்கும் ஒரே சொட்டுக்குழாயைக் கழுவிக் கழுவிப் பயன்படுத்துங்கள், குழாய் மாறினால் துளியின் அளவு மாறிவிடும். ஆப்பசோடாவை இதற்குப் பயன்படுத்த வேண்டாம். நுரைத்து வரும் கரியமில வாயு நீரில் கரைந்து, நீலம் திரும்பும் முடிவுப் புள்ளியைக் குழப்பிவிடும்.

இன்னொன்று, பிள்ளைகள் காய்ச்சி வடித்த நீர் வாங்கி வந்து அது பிஎச் 7 என்று நினைப்பார்கள். திறந்து வைத்தால் அதுவும் காற்றின் கரியமில வாயுவை இழுத்து 5.6 வரை இறங்கும். நம் குழாய் நீர் இந்த வேலைக்குத் தாராளமாகப் போதும்.

தெம்பனிஸ்_உயர்நிலை3 | ஞாயிறு, பகல் 12.10

நான் மாணவி. எங்கள் பள்ளியில் வடிதாளைச் சங்குப்பூ நீரில் நனைத்துத் தாளாக்கச் சொன்னார்கள். என் தாள்கள் இரண்டு நாளில் ஓரத்தில் கறுத்து, வாடை அடித்தன. என்ன தவறு?

மாடித்தோட்டம்_ஈசூன் | ஞாயிறு, பகல் 12.25

தவறு உன்னுடையது இல்லை அம்மா, நம் ஊர்க் காற்றுடையது. இங்கே ஈரப்பதம் சராசரியாக 80 விழுக்காட்டுக்கு மேல். நிழலில் தொங்கவிட்டால் காய்வதற்குள் பூஞ்சை பிடித்துவிடும். மின்விசிறிக்கு நேரே, ஒன்றோடொன்று படாமல் தட்டில் பரப்பி, ஒரே மாலையில் காய வை. காய்ந்ததும் மூடி இறுகிய டப்பாவில், மருந்துப் பாட்டிலில் வரும் ஈர உறிஞ்சிப் பொட்டலம் ஒன்றோடு போடு. வெயிலில் வைக்காதே, நீலம் வெளுத்துவிடும். சாறாகவே வைத்திருக்க வேண்டுமானால் பனிக்கட்டித் தட்டில் ஊற்றி உறையவை. ஒரு கட்டி, ஒரு சோதனை. மறக்காமல் பெயர் எழுதி ஒட்டு, யாரும் பானத்தில் போட்டுவிடக் கூடாது.

தோபாயோ_அம்மா | திங்கள், இரவு 9.30

எல்லாருக்கும் நன்றி. நேற்று மாலை தேக்காவுக்குப் போய் வெற்றிலைச் சுண்ணாம்பும் படிகாரமும் வாங்கி வந்தோம். இன்று மறுபடியும் செய்தோம், இம்முறை சாப்பாட்டுக் கிண்ணங்களை விட்டுவிட்டுத் தண்ணீர்ப் பாட்டில் மூடிகளில். வெள்ளை மூடிகள், ஒன்பது. முதல் மூடியில் வெறும் தண்ணீரும் பூநீரும் மட்டும். அதன் கீழே "ஒப்பிட" என்று எழுதி ஒட்டியிருக்கிறான்.

படிகாரம் ஊதாவானது. அவன் சிரித்த சிரிப்பைப் பார்த்திருக்க வேண்டும். "காரம், ஆனால் அமிலம்" என்று தமிழில் எழுதி, அதற்குக் கீழே ஆங்கிலத்தில் விளக்கமும் எழுதியிருக்கிறான்.

ஈரச்சந்தையில் வாங்கிய மஞ்சள் மீயை (நூடுல்ஸை) வெந்நீரில் ஊறவைத்து அந்த நீரை ஒரு மூடியில் விட்டோம். அது என் யோசனை, மீயில் காரநீர் சேர்ப்பார்கள் என்று கடைக்காரர் முன்பு சொன்னது நினைவுக்கு வந்தது. நீலம் பசுமை கலந்து மாறியது, சலவைத்தூள் அளவுக்கு இல்லை.

சுண்ணாம்புத் தெளிவு விட்ட மூடி முதலில் பச்சை, பின் மஞ்சள் கலந்த பச்சை. அரைமணி கழித்து வந்து பார்த்தால் பெரும்பாலும் மஞ்சளாகிவிட்டது. அதையும் படமெடுத்திருக்கிறான்.

துளி எண்ணினோம். எலுமிச்சை ஒரு துளிக்குச் சுண்ணாம்புத் தெளிவு 23. வினிகர் ஒரு துளிக்கு 19. பிறகு வாயு போகும்வரை ஆறவைத்த, நிறமில்லாத எலுமிச்சைச் சுவைப் பானம். அதில் ஒரு துளி விட்டால் நீலம் அசையவே இல்லை என்று பத்துத் துளி விட்டான். ஊதா வந்தது. திரும்ப நீலமாக 6 துளிதான் ஆனது. மூன்று தடவை செய்தான், 6, 5, 6.

பழைய_ஆய்வகம் | திங்கள், இரவு 9.52

6, 5, 6. மூன்றையும் அப்படியே எழுதச் சொல்லுங்கள் தாயே. ஐந்தை ஆறாக மாற்ற வேண்டாம்.

மஞ்சளாக மாறிய மூடியைப் பற்றி: கடுங்காரத்தில் இந்தச் சாயமும் மெல்லச் சிதையும். சந்தேகமிருந்தால் புதிதாக ஒரு மூடியில் பச்சை வந்தவுடனே எலுமிச்சை விட்டுப் பார்க்கட்டும், நீலத்துக்குத் திரும்பும். அரைமணி வைத்த மூடியில் விட்டுப் பார்க்கட்டும், பழைய நீலம் முழுதாக வராது. அது பிளீச் இல்லை, சுண்ணாம்புதான், எனவே எலுமிச்சை விடலாம்.

தோபாயோ_அம்மா | திங்கள், இரவு 10.05

இப்போதே செய்ய வேண்டும் என்று பூ பறிக்கத் தாழ்வாரத்துக்குப் போய்விட்டான். மொட்டுதான் இருக்கிறதாம். காலையில் விரிந்ததும் செய்கிறோம் ஐயா.